குழந்தை எடுத்த மாதிரி ஒரு படம்

சென்ற வாரம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஆழ்வார்பேட்டையில் நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இப்போது அவர்தான் மீடியா லேப் ஆசிரியர். மூன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு வீடியோ எடுக்கவும் எடிட் செய்யவும் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர், பெயருக்கு ஒரு லோகோ, லோகோ போட்ட டீ-ஷர்ட் எல்லாம் தயார். "நீங்க வந்து குத்துவிளக்கு ஏத்தி பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணும் சார். உங்க எக்ஸ்பீரியன்ஸ கேட்டா அவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார்.

என் அனுபவத்தை அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும். கோடம்பாக்கத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். டேப் ஓடிய காலம். தாலி கட்டும் நேரம் பார்த்து கேமராவுக்கு முன்னால் யாராவது ஒரு மாமா எழுந்து நிற்பார். அவர் முதுகை மறைக்க நாயனக்காரரின் உப்பிய கன்னத்தையும் அட்சதை தூவும் கைகளையும் நடுவில் செருக வேண்டும். அங்கிருந்து தேனாம்பேட்டையில் ஒரு செய்தி சேனலுக்குப் போனேன். தலைவர்களின் பேச்சிலிருந்து இருமலையும் ஏப்பத்தையும், கூட்டத்திலிருந்து காலி நாற்காலிகளையும் வெட்டி எடுப்பது என் வேலை. பேச்சையே வெட்டியிருந்தால் நாட்டுக்கு ஏதோ நல்லது செய்தவனாக இருந்திருப்பேன். எனக்குத் தலை நரைத்தபோது பாதிச் சம்பளத்துக்குப் பையன்கள் கிடைக்கிறார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டது. பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்தப் பள்ளி என்னை எடுத்துக்கொண்டது.

முன்பு தையல் வகுப்பு நடந்த அறையை மீடியா லேப் ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்க ஃபிலிம் சுருள் வரைந்திருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் ஃபிலிமைக் கண்ணால் பார்த்ததில்லை. அது பாம்பா என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். பச்சைத் துணி ஒன்று தொங்கும். அதன் முன்னால் நிறுத்திப் பிள்ளைகளை நிலவுக்கு அனுப்புவோம். அட்மிஷனுக்கு வரும் பெற்றோர்களுக்கு முதலில் காட்டும் அறை இதுதான். ஏசி ஓடும், பல்புகள் எரியும், உள்ளே பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் எனக்கு. அதையும் பாதி நாள் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததே கிடையாது.

முதல்வர் அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. 'கூடாது' என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "பார்க்கலாம் சார்" என்பார். கூடாது என்று அர்த்தம். "ரொம்ப நல்ல ஐடியா சார், கண்டிப்பா பார்க்கலாம்" என்றால் இந்தப் பேச்சை இனி என் அறைக்குள் எடுத்துவராதே என்று அர்த்தம். பள்ளியிலிருந்து எந்த வீடியோ வெளியே போனாலும் அவர் பார்த்து அனுமதி தர வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. நான் லேப்டாப்பைத் திறந்து அவர் மேஜையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். அவர் முதலில் சத்தத்தை அணைத்துவிடுவார், ஏனென்றால் அதே நேரத்தில் போனில் யாரோ ஒரு பெற்றோரிடம் பேசிக்கொண்டிருப்பார். கண் மட்டும் திரையின் வலது மேல் மூலையில் நிற்கும். அங்கே பள்ளியின் அன்னப்பறவை லோகோ இருக்க வேண்டும். படம் முடியும்வரை அன்னம் பறந்துபோகாமல் இருந்தால் தலையாட்டுவார்.

ஒருமுறை ஆண்டு விழா நாட்டியத்துக்குப் பின்னால், சேனல் காலத்தில் நான் வெட்டிய ஒரு தலைவரின் மேடைப் பேச்சை ஓடவிட்டுக் கொண்டுபோய் வைத்தேன். சிறுமிகள் சலங்கை குலுங்க ஆட, அவர் விலைவாசி பற்றி முழங்குகிறார். அம்மையார் கடைசிவரை பார்த்தார். "பியூட்டிஃபுல் சார்" என்றார். சத்தியமாக நடந்தது. வெளியே போகும் முன் நானே மாற்றிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

இப்படிப்பட்ட இடத்தில் இருந்ததால் எனக்கு ஒரு லாபம் உண்டு. பிள்ளைகள் செய்யும் தவறுகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. பொத்தானை அமுக்கும்போது படம் ஒரு குலுங்கு குலுங்கும், நிறுத்தும்போது இன்னொரு குலுங்கு. நடுவில் ஆடாது, ஏனென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆரம்பத்தில் "டேய், ரெக்கார்ட் ஆவுதா?" என்று ஒரு குரல் கட்டாயம் இருக்கும். எதையும் வெட்ட மனசு வராது; நண்பன் வரும் இடத்தை வெட்டினால் நட்பே போய்விடும். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கண்ணாடி உடையும், பக்கம் புரளும், இதயம் விரியும். ஆனால் தலைப்பு மட்டும் நேராக நிற்கும். அதை மொபைல் ஆப்பே நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

வருடத்துக்கு ஒரு குறும்படப் போட்டி நடக்கும். வெல்கிற படம் அடையாறில் நடக்கும் பள்ளிகளுக்கு இடையிலான விழாவுக்குப் போகும். நான் சொல்ல வந்த வருடம் தலைப்பு தண்ணீர் சிக்கனம். வந்த படங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். குழாய் சொட்டுகிறது. வயலின் அழுகிறது. ஒரு பையன் குற்றவாளி மாதிரி வருகிறான். குழாயை மூடுகிறான். வயலின் நிற்கிறது. உறுதிமொழி எடுக்கிறார்கள். எத்தனை படம் வந்தாலும் ஒரே குழாய்தான். நம்பாவிட்டால் மாடிப்படிக்குக் கீழே இன்றும் சொட்டிக்கொண்டிருக்கும், போய்ப் பாருங்கள்.

அதற்கு நடுவில் எட்டாம் வகுப்பு பெனிட்டாவின் படம் வந்தது.

பெனிட்டாவுக்கு சாந்தோம் பக்கம், சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடி வீடு. அப்பா தரமணி ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு ஊழியர் பஸ் ஓட்டுகிறவர். அம்மா அந்தச் சர்ச்சின் பங்குப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அவர்கள் சந்துக்குத் தண்ணீர் லாரி வரும். லாரி வரும் முன்பே குடங்கள் வரிசையில் நின்றுவிடும், ஆட்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். பெனிட்டாவின் படத்தில் ஆட்கள் முக்கியமில்லை, குடங்கள்தான். சிவப்பு, நீலம், அடிபட்டு நெளிந்த எவர்சில்வர், கழுத்தில் துணி கட்டிய ஆரஞ்சு. லாரியின் ஹாரன் கேட்கிறது. கைகள் மட்டும் வந்து குடங்களை ஒவ்வொன்றாக எடுக்கின்றன. வயலின் இல்லை. சண்டைச் சத்தம் கேட்கிறது, யாரோ யாரையோ வரிசை மாறினதற்குத் திட்டுகிறார்கள். லாரி போய்விடுகிறது. கடைசியில் ஒரு பச்சைக் குடம் தனியாக நிற்கிறது. அதன்மேல் ஒரு பெண்ணின் குரல் விழுகிறது: "போன வெச்சிக்கினு இன்னாடி பண்ற? தண்ணி போச்சுடி!" படம் முடிந்தது.

மதிய இடைவேளையில் லேப்பில் உட்கார்ந்து அவள் வெட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். மேதை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். போனோடு சந்தில் இறங்க அம்மா விடவில்லை. அதனால் ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டி ஒரே இடத்திலிருந்து எடுத்தாள். இடம் மாறாததால் குடத்துக்குக் குடம் படம் அழகாகப் பொருந்திக்கொண்டது. படத்தின் இடது ஓரத்தில் கம்பி நிழல்கூட விழுந்திருந்தது. ஆனாலும் எதை வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நான் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடிந்ததில்லை.

நடுவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். இன்னொருவர் பெற்றோர் சங்கத்து பல் டாக்டர் அம்மா. பல் துலக்குவது பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறார், அந்தத் தகுதியில் வந்தார். மூன்றாமவர் விளம்பரப் படம் எடுக்கிறவர். தலையில் குடுமி, அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. முதல்வர் அம்மையார் தலைமை.

முதலில் ஆதித்யா என்ற பையனின் படம் ஓடியது. அவன் அப்பாவுக்கு தி.நகரில் பட்டுப்புடவைக் கடை. அடையாறு முகத்துவாரத்தின்மேல் ட்ரோன் பறந்தது. நடுவில் ஒரு இடத்தில் படம் குலுங்கியது. 'நீரே உயிர், நீரைக் காப்போம்' என்ற தலைப்பு கோணல் மாணல் எழுத்தில் வந்தது. பையன் பேசும்போது நாக்கு குழறி "அய்யோ சாரி" என்று சிரித்தான்.

"சோ க்யூட்!" என்றார் டாக்டர் அம்மா. "எவ்ளோ நேச்சுரலா இருக்கு. பசங்க படம்னா இப்படித்தான் இருக்கணும்."

அடுத்து குடங்கள். விளக்கைப் போட்டதும் குடுமிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல படம். ஆனா இது குழந்தை பண்ணதில்ல. மியூசிக் இல்ல. ஃப்ரேம் அசையல. கடைசில அந்தக் குடம், அந்தத் தனிமை... இந்த வயசுல இந்த சிம்பாலிசம் வராது மேடம். யாரோ புரொஃபஷனல் பண்ணிக் குடுத்திருக்காங்க."

அம்மையார் பெனிட்டாவை வரவழைத்தார். அவள் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் வந்து நின்றாள்.

"யாரும்மா ஹெல்ப் பண்ணாங்க? சும்மா சொல்லு, யாரும் திட்ட மாட்டாங்க" என்றார் அம்மையார் மெதுவாக.

"யாரும் இல்ல மிஸ்."

"அண்ணா இருக்காரா? கசின் யாராவது?"

"தம்பிதான் மிஸ். யூகேஜி."

குடுமிக்காரர் முன்னால் குனிந்தார். "அந்தக் கடைசிக் குடம் எதக் குறிக்குது?"

"அது எங்க குடம் சார்."

"சரிம்மா, அதுக்கு என்ன மீனிங்?"

"நான் வீடியோ எடுத்துக்கினு இருந்தேன் இல்ல சார், கீழ போகல. லாரி போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்குத் தனிமையாகத் தெரிந்தது அவளுக்கு அன்று அம்மாவிடம் வாங்கிய திட்டு. நான் எழுந்து ஆதித்யாவின் படத்தை மறுபடி ஓடவிட்டேன். நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். இந்தக் குலுக்கலைப் பாருங்கள், பிள்ளை எடுத்தால் பொத்தானை அமுக்கும்போதும் நிறுத்தும்போதும்தான் ஆடும். இது நடுவில் ஆடுகிறது, ஒரே தாளத்தில். ஸ்டாண்டில் வைத்து எடுத்துவிட்டுப் பிறகு சேர்த்த ஆட்டம். தலைப்பில் 'நீ' இரண்டு தடவை வருகிறது; கை எழுதியிருந்தால் இரண்டும் ஒரே கோணலில் வருமா? இது ரெடிமேட் எழுத்து. "அய்யோ சாரி" என்று சிரித்தவன் மூச்சு வாங்காமலே அடுத்த வார்த்தையைப் பேசுகிறான், இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டியிருக்கிறார்கள். இது பெரியவர்கள் குழந்தை வேஷம் போட்ட படம். குடத்துப் படத்தில் ஓரமாகக் கம்பி நிழல் இருக்கிறது, தொழில்காரன் எடுத்திருந்தால் அதை விட்டுவைப்பானா?

பெனிட்டா ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை வெளியே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

குடுமிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், நீங்கதானே இந்தப் பொண்ணுக்கு லேப் சார்? சேனல்ல இருந்தவரு. கட்டிங் இவ்ளோ சுத்தமா இருக்கேன்னுதான்..." என்று பாதியில் நிறுத்திச் சிரித்தார். டாக்டர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சேனலில் இருந்தபோது என்னை அமைச்சர்களின் ஆட்களே திட்டியிருக்கிறார்கள். அது எதுவும் இப்படிச் சுட்டதில்லை. அம்மையாரைப் பார்த்தேன்.

"பார்க்கலாம் சார்" என்றார்.

திங்கட்கிழமை பிரேயரில், வெளியார் உதவியோடு எடுத்த படங்கள் ஏற்கப்படாது, மாணவர்கள் நேர்மையைக் கற்க வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார்கள். பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு அல்லவா? இன்டர்வல் மணி அடிப்பதற்குள் பள்ளி முழுக்க யார் என்று தெரிந்துவிட்டது. ஆதித்யாவின் படம் அடையாறுக்குப் போய் அங்கேயும் பரிசு வாங்கியது. அங்கேயும் நடுவர்கள் இருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பெனிட்டாவின் அம்மா கேட்டருகே என்னைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் எப்படிப் பேசுவாரோ தெரியாது, கோபத்தில் சந்துத் தமிழ்தான் வந்தது.

"இன்னா சார் இது? என் பொண்ணு வெளிய குடுத்து படம் எடுத்துச்சின்றாங்களாமே? அவளாண்ட எவ்ளோ பேர் கேக்குறாங்க தெரியுமா? சோறு துன்ன மாட்டேன்னு அழுவுது. அன்னிக்கு தண்ணி புடிக்காம வுட்டதுக்கு நான் கரண்டிய எடுத்துக்கினு தொரத்தினேன் சார். நான் கத்துனது கூட அதுல கீது. நான் இன்னா நடிக்கவா வந்தேன்? என் பொண்ணு எடுத்துச்சா இல்லியான்னு எனுக்குத் தெரியாதா?"

அவரை அம்மையாரிடம் அழைத்துப் போனேன். அம்மையார் காபி கொடுத்தார், நலம் விசாரித்தார், தம்பிக்கு எந்தப் பள்ளி என்று கேட்டார். கடைசியில் பார்க்கலாம் என்றார். பெனிட்டாவின் அம்மா காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வருடத் தலைப்பு மரம் வளர்ப்பு. சொல்லவும் வேண்டுமா? குழாய் இருந்த இடத்தில் செடி வந்தது, வயலின் அதேதான். நடுவர்களும் அதே மூன்று பேர். பெனிட்டாவும் ஒரு படம் கொடுத்திருந்தாள். லேப்புக்கு வராமல் வீட்டிலேயே முடித்துவிட்டாள். 'மரமும் மனிதனும்' என்று சார்ட் பேப்பரில் கிறுக்கலாக எழுதிய தலைப்பு. படம் ஆரம்பத்திலும் முடிவிலும் குலுங்கியது. மரக்கன்றைத் தூக்கிக்கொண்டு பேசும்போது நாக்கு குழறி, "அய்யோ சாரி" என்று மூச்சு வாங்கிச் சிரித்தாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்குக் கை மழுங்கிவிட்டது, எல்லாரையும் போல ஆகிவிட்டாள் என்று நினைத்து இருப்பதிலேயே குறைந்த மதிப்பெண்ணைப் போட்டேன். மற்ற இருவரும் வாரிக் கொடுத்தார்கள். முதல் பரிசு. "பாருங்க சார், இந்த வருஷம் தானே பண்ணிருக்கா. உண்மை எப்பவும் முகத்துல தெரியும்" என்றார் அம்மையார். அன்னம் வலது மூலையில் இருந்தது.

மறுநாள் லேப்பில் பெனிட்டாவிடம் கேட்டேன். "ஏம்மா இப்படி எடுத்த?"

"எப்படி சார்?"

"ஆட்டம், கிறுக்கல், சாரி... போன வருஷம் இதுல ஒண்ணும் உங்கிட்ட இல்லியே."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்? ஆதித்யா படத்த நிறுத்தி நிறுத்திக் காட்டினீங்களே. எதெல்லாம் போட்டா பசங்க எடுத்த மாதிரி நம்புவாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அவங்க ஷேக்க நடுவுல வெச்சிட்டாங்க, நான் ஆரம்பத்துலயும் கடைசிலயும் வெச்சேன். தலைப்ப லெஃப்ட் ஹேண்ட்ல எழுதினேன் சார், ஒரு 'ம' மாதிரி இன்னொரு 'ம' இருக்காது. சாரி சொல்றதுக்கு மட்டும் ரொம்ப டேக் ஆச்சு." கொஞ்சம் பெருமையாகச் சிரித்தாள். "நீங்க கூட கண்டுபுடிக்கல இல்ல சார்?"

கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பள்ளியில் என் பாடத்தை ஒழுங்காகக் கற்ற ஒரே மாணவி அவள்தான்.

"வீட்ல காட்டினியா?" என்றேன்.

"அப்பா பாத்துட்டு கை தட்டினாரு சார்." மவுஸ் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அம்மாதான் ஒரு மாதிரி கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"'இத யாராண்டடி குடுத்து எடுத்த?'ன்னு."

அந்த மார்ச்சோடு வேலையை விட்டுவிட்டேன். தம்பி, குத்துவிளக்கேற்ற வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.